பெரியம்மையும் பெரிய புத்தரும்

கொடிய நோயொன்றினைத் தாயின் பெயரால் அழைத்தது தமிழினம். உடலில் முத்துப் போன்ற கொப்புளங்கள் தோன்றிய அளவில், அம்மன் இல்லத்திற்கு எழுந்தருளினாள் என்று கூறி, வாசலில் வேப்பிலை செருகி, அன்னை மாரியை வேண்டி நின்றனர் நம் முன்னோர். அப்பெரியம்மை, பிற நாடுகளின் சமயத்திலும் கலையிலும் ஆழப் பதிந்துள்ளது. அவற்றுள் ஜப்பானிய வரலாறு தென்னிந்தியாவோடும் தொடர்புடையதாகும்.

கி.பி. 735ஆம் ஆண்டில் ஜப்பானின் மேற்கே கியூஷு தீவில் பெரியம்மை பரவலாயிற்று. சிறிது தணிந்து, 737இல் மீண்டும் மூண்டு, தலைநகர் நாராவையும் பற்றியது. நாட்டு மக்களுள் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாண்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அரசவையில் பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய புஜிவாரா சகோதரர் நால்வரும் அந்த ஓராண்டிலேயே மடிந்தனர். செல்வமும் பதவியும் கூற்றுவன் முன் நிற்கவில்லை.

அரசு வரிகளைத் தள்ளுபடி செய்தது. நோயாளியின் வயிற்றைத் துணியால் சுற்றி வெதுவெதுப்பாக வைத்தல், வெறுந்தரையில் கிடத்தாமை, சூடான கஞ்சி ஊட்டல், குளிர்நீரை விலக்கல் ஆகிய விதிகளை நாடெங்கும் அறிவித்தது. நம் இல்லங்களிலோ, அம்மையை வெப்ப நோயாகக் கருதி, இளநீரும் கூழும் தந்து குளிர்விப்பது மரபு. முறைகள் வேறுபடினும், நோயுற்றோரைப் பேணும் கடமையை இரு நாட்டினரும் போற்றினர்.

மன்னர் ஷோமு, இத்துயருக்குத் தம் நற்குணக் குறைவே காரணம் எனப் பழியைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். 741இல் மாநிலந்தோறும் பௌத்த ஆலயம் எழுப்ப ஆணையிட்டார். 743இல் வைரோசன புத்தரின் மாபெரும் திருவுருவை வார்க்க உறுதி பூண்டார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொணரும் எளியவரின் உதவியையும் ஏற்க வேண்டும் என்றும், திருப்பணியின் பெயரால் அதிகாரிகள் மக்களை வருத்தலாகாது என்றும் அவ்வாணை வகுத்தது. பாலங்களும் குளங்களும் அமைத்து மக்களின் அன்பைப் பெற்ற கியோகி என்னும் துறவி நிதி திரட்ட முன்வந்தார். ஆயினும், ஏராளமான செம்பையும் ஆள்பலத்தையும் வேண்டிய அப்பணி, நலிந்திருந்த நாட்டுக்குப் பெருஞ்சுமையாயிற்று என்பதை மறைத்தற்கில்லை.

ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுடைய அவ்வெண்கலத் திருவுருவுக்கு 752இல் நாராவின் தோதாய்ஜி ஆலயத்தில் கண் திறக்கப்பட்டது. அச்சடங்கை நிகழ்த்தியவர் போதிசேனர். தென்னிந்திய அந்தணர் என ஜப்பானியப் பழங்குறிப்புகள் போற்றும் இத்துறவி, நோய்க்காலத்தின் நடுவே, 736இல், சீனத்திலிருந்து கப்பலேறி அங்கு வந்து சேர்ந்தவர். அவர் ஏந்திய தூரிகையில் நீண்ட நூல்கள் பிணைக்கப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அந்நூல்களைப் பற்றி நின்றனர். ஒருவர் கை விழி தீட்ட, அப்புண்ணியத்தில் அனைவரும் பங்கு கொண்டனர். குடமுழுக்கின்போது யாகசாலையையும் மூலவரையும் கயிற்றால் இணைக்கும் நாடி சந்தானத்தைக் கண்ட பக்தர்களுக்கு இக்காட்சியின் உட்பொருள் எளிதில் விளங்கும். அத்தூரிகையும் நூலும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

திருவுரு எழுந்த பின்னரும் பெரியம்மை பல நூற்றாண்டுகள் ஜப்பானில் நீடித்தது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் கண்ட அம்மைத் தடுப்பு முறையே அதனை ஒழிக்க வழிகோலியது. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோய் உலகினின்று அறவே நீங்கியதாக அறிவித்தது. நோய் மறைந்தும் அன்னை மாரியின் திருவிழாக்கள் குறைவின்றி நடைபெறுகின்றன. போரில் இருமுறை தீக்கிரையாகியும் மீண்டும் எழுப்பப்பெற்ற தோதாய்ஜி ஆலயத்திலும் வழிபாடு தொடர்கின்றது.

நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் பணி. அஞ்சி ஒதுங்கும் மனிதரை ஒரே நூலைப் பற்றி நிற்கச் செய்வது வழிபாட்டின் பணி. இரண்டும் இணைந்த இடத்தில் சமுதாயம் தழைக்கும்.