கொள்ளைநோயும் மருத்துவப் பணியாளரின் மனத்திண்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோய்களின் சரித்திரத்தை எழுதியோர் பெரும்பாலும் இறந்தோரை எண்ணினர். ஆட்சியாளரின் ஆணைகளைப் பதிவு செய்தனர். நோயின் காரணம் குறித்து வாதிட்டனர். நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் நின்றவரின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் 'மனத்திண்மை' என்னும் சொல் மருத்துவ உலகில் மிகுதியாகப் புழங்குகிறது. துன்பத்தில் ஒடிந்துவிடாமல் மீண்டெழும் ஆற்றலை அச்சொல் குறிக்கிறது. அவ்வாற்றல் தனியொருவரின் நெஞ்சில் இயல்பாகவே அமைந்த செல்வமா, அல்லது சுற்றியிருப்போர் அவருக்குக் கொடுத்து நிரப்பும் சேமிப்பா? இவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலுள்ள எம் படப்பையைச் சுற்றியே போதிய சான்றுகள் உள்ளன. ஆயினும் முதலில் ஓர் அரபு நூலை நினைவுகூர்ந்துவிட்டு வருவோம்.

ஹிஜ்ரி 235 முதல் 322 வரை (கி.பி. 850 - 934) வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ அவர்களைப் பூகோள அறிஞராகவே பலரும் அறிவர். உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருங்கே பேசும் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலும் அவருடையதே. அதன் இரண்டாம் பகுதி சினம், அச்சம், துயரம், ஓயாது அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்கிறது. உடல்நோய் சில காலம் வராமலும் இருக்கக்கூடும். உள்ளத்தின் அலைக்கழிப்போ யாரையும் விட்டுவைப்பதில்லை என்பது அவர் கருத்து. அவசரத்துக்கென வீட்டில் மருந்தைச் சேர்த்து வைப்பதுபோல நலமாயிருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். நம் ஆய்வுக்கு இன்றியமையாதது அவர் காட்டும் மற்றொரு வேறுபாடு. உள்ளத்துக்கு உதவி இரு வழிகளில் வருகிறது: ஒன்று அவரவர் சிந்தனையிலிருந்து, மற்றொன்று வெளியிலிருந்து, பிறர் சொல்லாலும் துணையாலும். இன்று மருத்துவப் பணியாளருக்கு நடத்தப்படும் பயிற்சிகள் பலவும் முதல் வழியையே பேசுகின்றன. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்கின்றன. இரண்டாவது வழி யார் பொறுப்பு என்பதைச் சொல்வதில்லை.

அந்த இரண்டாவது வழியின் பழைய சான்று அம்வாஸ் கொள்ளைநோய். ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டையொட்டி ஷாம் நாட்டில் பரவிய இந்நோயில் 25,000 பேர் மடிந்தனர் எனச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுவர். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களைக் காப்பாற்ற விரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவசர அலுவல் இருப்பதாகக் கூறி மதீனாவுக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் உட்பொருளை உணர்ந்த அபூ உபைதா, தம் வீரர்களை விட்டுத் தாம் மட்டும் வெளியேற இயலாது என மறுத்துவிட்டார்கள். பின்னர் அந்நோயிலேயே மறைந்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தார்கள். மூன்றாவதாக வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களே மக்களை மலைகளுக்குச் சென்று சிதறி வாழப் பணித்தார்கள், நோய் தணிந்தது. அபூ உபைதா மருத்துவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் தலைவர் தம்முடன் இருக்கிறார் என்பதே நோய்ப்பட்ட படைக்கு உளவலிமை தந்திருக்கும். நம் மேடைகளில் முதலிருவரின் தியாகம் விரிவாகப் பேசப்படும். மூன்றாமவரின் ஏற்பாடு ஒரு வரியில் கடந்துபோகும். அவ்வேற்பாடு இல்லாதிருப்பின் தியாகிகளின் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும்.

இனி எம் பகுதிக்கு வருவோம். படப்பையிலிருந்து பேருந்தில் எளிதில் சென்று சேரும் தொலைவில் தாம்பரம் சானடோரியம் உள்ளது. இரயில் நிலையத்துக்கே பெயரான அம்மருத்துவமனையை 1928 இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவினார். 1937 இல் அரசு ஏற்றது. காசநோயைக் கொல்லும் மருந்து எதுவும் கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சை. அங்கு பணிபுரிந்தோர் தம் கையால் குணமாக்க முடியாத நோயாளிகளுடன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளும் அங்கு சேர்க்கப்பட்டனர். பிற இடங்களில் தீண்டத் தயங்கியவர்களை ஏற்ற அம்மருத்துவமனை, காலப்போக்கில் நாட்டிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாயிற்று.

இந்தியாவில் அத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா ஆய்வை மேற்கொண்டார். கையுறையோ வேறு பாதுகாப்போ இன்றி இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் கணவருடன் இரயிலேறி அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கு 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இச்செய்தியைப் படிப்போர் அவர் துணிவை வியப்பர். நாமும் வியக்கிறோம், ஆயினும் கையுறையில்லாமையைத் துணிவின் அணிகலனாகக் காட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளிடையே தாம் பணிபுரிவதைக் கணவர் முதலில் விரும்பவில்லை எனச் சுனிதி அவர்கள் பின்னாளில் கூறியதுண்டு. அவர் கணவர் இதய அறுவை மருத்துவர். படித்த மருத்துவரின் இல்லத்திலேயே அச்சம் இருந்தது என்றால், வார்டில் படுக்கை விரிப்பை மாற்றிய பணியாளரின் இல்லத்தில் எத்தகைய அச்சம் இருந்திருக்கும்!

அவ்வச்சம் எவ்வாறு தணிந்தது? நோய் தொடுவதால் பரவாது என்னும் அறிவு பரவியது. கையுறை வந்தது. ஊசி தவறிக் குத்திவிட்டால் உடனே உட்கொள்ளத் தடுப்பு மருந்து வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 8 மையங்களுள் தாம்பரமும் ஒன்று. அதுவரை பெரும்பாலும் மரணத்தையே கண்ட கண்கள், எழுந்து நடந்து வீடு திரும்புவோரையும் காணத் தொடங்கின. செவிலியரின் உள்ளத்துக்கு இதனினும் சிறந்த மருந்து உண்டா?

கொரோனாவில் இக்கதை வேறு வேகத்தில் மீண்டும் நிகழ்ந்தது. தமிழகத்தின் முதல் நோயாளி 2020 மார்ச் 7 அன்று உறுதி செய்யப்பட்டார். ஓமானிலிருந்து திரும்பிய அவர் எம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். மார்ச் 22 மாலை மக்கள் வாயில்களில் நின்று கைதட்டி மருத்துவப் பணியாளரை வாழ்த்தினர். அடுத்த சில நாள்களிலேயே, வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு மருத்துவரும் செவிலியரும் கேட்கப்பட்ட செய்திகள் நாட்டின் பல நகரங்களிலிருந்து வந்தன.

ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் சென்னையில் கொரோனாவால் மறைந்தார். உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்க எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டு சென்றபோது அங்கு ஒரு கூட்டம் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயமுற்றனர். நள்ளிரவுக்குப் பின் அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார், காவலர் துணையுடனும் மருத்துவமனை ஊழியர் இருவருடனும் திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்து, கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையின் பகுதியே என்றது. ஏப்ரல் 22 அன்று, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை விதிக்கும் வகையில் 1897 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை மைய அரசு அவசரச் சட்டத்தால் திருத்தியது. அடக்கத்தைத் தடுப்போருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை என்று தமிழக அரசும் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மீது மலர் தூவின. கல்லெறிக்கும் மலர்ச்சொரிவுக்கும் இடையே சரியாக 2 வாரங்கள்.

மய்யித்தை அடக்கம் செய்வது சமுதாயம் முழுவதன் மீதுள்ள கடமை, 'ஃபர்ளு கிஃபாயா', என மத்ரஸாவின் தொடக்க வகுப்பிலேயே ஓதுகிறோம். எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். அந்நாள்களில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள், தமுமுகவினர் உட்பட, சமய வேறுபாடின்றி உடல்களை அடக்கியதும் எரியூட்டியதும் பரவலாக அறியப்பட்டதே. ஈண்டு இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. தாம் இறந்தால் தம்மை ஏற்க ஒரு மண் உண்டு, தூக்க நான்கு தோள்கள் உண்டு என்னும் உறுதி, உயிரோடு பணிபுரிவோரின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கவே கூறுகிறோம். டாக்டர் சைமனின் துணைவியார், கணவரின் உடலைக் குடும்பம் விரும்பிய கீழ்ப்பாக்கத்துக்கு மாற்ற நீதிமன்றம் சென்றார். 2021 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது.

அயல்நாட்டுச் சான்று ஒன்றையும் காண்போம். 2003 இல் சார்ஸ் நோய் கனடாவின் டொராண்டோ நகரைத் தாக்கியது. நோய் ஓய்ந்து ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனைப் பணியாளரை ஆராய்ந்தனர். சார்ஸ் நோயாளிகளைக் கவனித்தவர்களிடம் பணிச்சோர்வும் மனத்துயரும் அப்போதும் மிகுந்திருந்தன. தமக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று கருதியவர்களின் நிலையோ மேலாக இருந்தது. பல்கீயின் இரண்டாவது வழி என நாம் கூறியது இதுவே.

இரண்டாம் அலையில் எம் தொழிற்பகுதி வேறொரு பாடத்தைக் கண்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தியாகும் திரவ ஆக்சிஜனை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பிவிடுவதை நிறுத்துமாறு 2021 ஏப்ரல் இறுதியில் தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார். மே முதல் வாரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 10-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆக்சிஜன் குறைவே காரணம் என உறவினர் கூற, அதிகாரிகள் மறுத்தனர். காரணம் எதுவாயினும் அவ்விரவு பணியில் இருந்தோரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். செய்ய வேண்டியது இன்னதென அறிந்தும் செய்ய இயலாத நிலை தரும் புண், அச்சம் தரும் புண்ணினும் ஆழமானது. அதே மே மாத இறுதியில் ஒரகடத்து ரெனோ-நிஸான் ஆலைத் தொழிலாளர், தொற்றுப் பாதுகாப்பு போதாதென முறையிட்டு நீதிமன்றம் வரை சென்றனர். ஆலை சில நாள்கள் நிறுத்தப்பட்டது. அது அவர்கள் உரிமை. செவிலியருக்கோ அத்தகைய நிறுத்தம் இல்லை. ஓடும் வரிசையை நிறுத்தினால் கார் காத்திருக்கும். நோயாளி காத்திருக்க மாட்டார்.

2021 மே மாதத்தில் புதிய அரசு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பணிக்கு மருத்துவருக்கு 30,000, செவிலியருக்கு 20,000, தூய்மைப் பணியாளருக்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. தொற்றில் உயிரிழந்த 43 மருத்துவர்களின் குடும்பங்களுக்குத் தலா 25 இலட்சம் அறிவித்தது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் தொற்றுக் காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடிந்தது. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழியே தற்காலிகப் பணி தருவதாக அரசு கூறியது. நிரந்தரப் பணியே வேண்டுமென்று, 2023 சனவரியின் முதல் நாள்களில், சீருடையணிந்த அச்செவிலியர் சேலத்தில் தெருவில் அமர்ந்திருந்தனர்.