எழுதியவர்கள் – 6: 84 பெயர்கள்

டாக்கா நகரின் மிர்பூரில் பல்லபி என்றொரு பகுதி. அங்கே ராஜீப் ஹைதரின் வீட்டருகே சில இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மட்டையும் பந்துமாகப் பையன்கள் சந்தில் நிற்காத நாள் டாக்காவில் ஏது?

2013 பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை.

போன வாரம் ஷாபாக் சந்திப்பில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நின்றோம். பத்து நாளாக அந்தக் கூட்டம் கலையவில்லை. 1971 போர்க் குற்றங்களுக்காக அப்துல் காதர் மொல்லாவுக்கு ஆயுள் தண்டனை மட்டும் கிடைத்ததும், வெளியே வந்தவர் இரண்டு விரலை உயர்த்தி வெற்றிச் சைகை காட்டியதும் பொறுக்காமல் திரண்ட கூட்டம். அவரைத் தூக்கில் போடச் சொல்லித்தான் முழங்கினார்கள். அந்த முழக்கம் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் கூட்டத்தை அழைத்தவர்கள் கட்சித் தலைவர்கள் அல்லர், வலைப்பூ எழுதும் பிள்ளைகள். மொல்லாவின் கட்சியான ஜமாத்துக்கு அது பேரிடி.

ராஜீப் அவர்களில் ஒருவர். தொழில், கட்டட வடிவமைப்பு. இணையத்தில் அவர் பெயர் 'தாபா பாபா'. மதத்தைக் கடுமையாகக் கிண்டல் செய்தவர். அந்தப் பெயருக்குரிய முகம் எது, அந்த முகம் இரவில் எந்தக் கதவைத் தட்டும் என்பதுதான் கொலையாளிகளுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஷாபாக் கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டார்கள். வீடுவரை பின்தொடர்ந்தார்கள். வீடு தெரிந்த பிறகுதான் அந்தக் கிரிக்கெட். இதெல்லாம் போலீஸ் விசாரணையில் பிற்பாடு வெளிவந்தது.

அன்றிரவு வீடு திரும்பிய ராஜீபை வாசலுக்கு அருகிலேயே வெட்டிக் கொன்றார்கள். இறைச்சி வெட்டும் கனத்த கத்திக்கு வங்காளத்தில் 'சாப்பாத்தி' என்று பெயர். நம் வீட்டுத் தட்டில் விழும் சொல், அங்கே அடுத்த மூன்று ஆண்டுகள் கொலைச் செய்தியிலெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் ஷாபாக்கிலேயே ஜனாஸா தொழுகை. சாலைகளை அடைத்துக்கொண்டு மக்கள் நின்றார்கள். நம்பிக்கையில்லாத ஒருவனுக்காக நம்பிக்கையுள்ளவர்கள் வரிசையில் நின்று தொழுத அந்தக் காட்சியை, இந்த வரலாற்றை எழுதுகிற பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை. வங்கதேசம் என்றால் கத்தி எடுத்தவர்கள் மட்டும்தானா? அந்த வரிசையும் வங்கதேசம்தான். பிரதமர் ஷேக் ஹசீனா ராஜீபின் வீட்டுக்கே போய் ஆறுதல் சொன்னார்.

தொழுகை நடத்திய இமாமுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஃபேஸ்புக்கில் மிரட்டிய இளைஞனின் பெயர் ஷஃபியுர் ரஹ்மான் ஃபராபி. அந்த மாதமே கைதானான். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. ராஜீப் எழுதியவை என்று சொல்லிச் சில பதிவுகளை 'அமார் தேஷ்' நாளிதழ் வெளியிட்டது. அவர் எழுதியதுதானா என்ற சர்ச்சை ஒருபுறம் நடக்க, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பல ஊர்களில் கலவரம். கணினியையே தொட்டறியாத கிராமங்களில்கூட 'ப்ளாகர்' என்ற சொல் நாத்திகனுக்கு மறுபெயராகி, பிறகு வசைச்சொல்லாகவே ஆனது.

மார்ச் தொடக்கத்தில் கொலையாளிகள் என்று ஐந்து பேர் பிடிபட்டார்கள். எல்லோரும் நார்த் சவுத் பல்கலைக்கழக மாணவர்கள். டாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம் அது. ஏழ்மைதான் இளைஞர்களை இந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நம்பியிருந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

கொலையாளிகள் கிடைத்தாயிற்று. அரசு அடுத்து யாரைத் தேடியது தெரியுமா? எழுதியவர்களை.

இணையத்தில் மதத்தை இழிவுபடுத்துவோரைக் கண்டறிய உள்துறை ஒரு குழு அமைத்தது. மார்ச் இறுதியில் உலமாக்கள் சிலர் அந்தக் குழுவிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். அதில் 84 பெயர்கள். கொல்லப்பட்ட ராஜீபின் பெயரும் உண்டு. நாத்திகத்தோடு தொடர்பே இல்லாமல் ஷாபாக்கில் முழங்கியதற்காக மட்டும் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. அடுத்த ஆண்டுகளில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் சிலருடைய பெயரும் உண்டு.

ஏப்ரல் 1 இரவு வலைப்பூ எழுதிய மூன்று பேர் கைது. மறுநாள் அவர்களைப் பத்திரிகைக்காரர்கள் முன் நிறுத்தினார்கள். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேசைமேல் அவர்களுடைய கணினிகள் பரப்பப்பட்டிருக்கின்றன, பிடிபட்ட ஆயுதங்களைப் பரப்புவதுபோல. பின்னால் அந்த மூன்று பேரின் முகங்கள். ராஜீபின் முகத்தைக் கண்டுபிடிக்கக் கொலையாளிகள் கூட்டத்தில் அலைய வேண்டியிருந்தது. இவர்களுடைய முகங்களை அரசே அச்சுக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் காலையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏப்ரல் 3-ம் தேதி நான்காவதாக ஆசிஃப் மொஹியுதீன் கைதானார். ராஜீபுக்கு ஒரு மாதம் முன்பே, ஜனவரி 14 அன்று, டாக்காவின் உத்தரா பகுதியில் கத்திக்குத்துப்பட்டுப் பிழைத்தவர். காயம் முழுதாக ஆறும் முன்பே சிறை. அங்கே தன்னைக் குத்தியவர்களையே நேருக்கு நேர் சந்தித்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். குத்தியவனும் குத்துப்பட்டவனும் ஒரே மதிலுக்குள்!

ஏப்ரல் 6-ம் தேதி ஹெஃபாசாத்தே இஸ்லாம் அமைப்பு லட்சக்கணக்கானோரை டாக்காவின் மோதிஜீலில் திரட்டி 13 கோரிக்கைகளை வைத்தது. மதநிந்தனைக்கு மரண தண்டனை அவற்றில் ஒன்று. புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களே போதும் என்றார் ஹசீனா. ஆனால் அதே ஆண்டு, இருக்கிற சட்டத்தின் பல் தீட்டப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 57-ம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு என்றானது. பிடியாணை இல்லாமலே கைது செய்யவும் வழி வந்தது.

ஃபராபி என்ன ஆனான்? ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

2014-ல் அவன் ஃபேஸ்புக்கில் இன்னொருவரைக் குறிவைத்தான். அவர் அமெரிக்காவில் இருப்பதால் இப்போது கொல்ல முடியாது, நாடு திரும்பும்போது கொல்லப்படுவார் என்று வெளிப்படையாகவே எழுதினான். அவருடைய நூல்களை விற்ற 'ரகமாரி' இணையக் கடைக்கும் மிரட்டல் போனது. கடை நூல்களை எடுத்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அவன் வெளியேதான் இருந்தான்.

குறிவைக்கப்பட்டவர் அவிஜித் ராய். 'முக்தோ-மோனா' தளத்தைத் தொடங்கியவர், பொறியாளர், டாக்கா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் அஜய் ராயின் மகன். 2015 பிப்ரவரியில் ஏகுஷே புத்தகச் சந்தைக்கு வர ஆசைப்பட்டார். வரவேண்டாம் என்றார் அப்பா.

மகன் வந்தார், மனைவி போன்யாவோடு.

பிப்ரவரி 26, வியாழக்கிழமை. சந்தையில் வாசகர்களோடும் நண்பர்களோடும் பொழுது போனது. இரவு எட்டரை மணி வாக்கில் இருவரும் வெளியே வந்து பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்-மாணவர் மையமான டி.எஸ்.சி. பக்கம் நடந்தார்கள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நடைபாதை முழுக்க ஆட்கள். சற்றுத் தள்ளிப் போலீஸ்காரர்கள்.

அந்தக் கூட்டத்தில், சில நாட்களாகவே இவர்களைத் தொடர்ந்துகொண்டிருந்த கண்களும் இருந்தன.

(அடுத்த வாரம்)