திலீப் திர்க்கி

திலீப் திர்க்கி (பிறப்பு: 25 நவம்பர் 1977) இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் தடுப்பாட்டக்காரர், முன்னாள் தலைவர். ஒடிசா மாநிலம் சுந்தர்கர் மாவட்டத்தில் சௌனாமாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். பழங்குடியினர் நிறைந்த அந்த வட்டாரத்தில் மூங்கிலில் மட்டை செய்து ஆடிப் பழகுவார்கள்; ஊர்ப் போட்டியில் வெல்லும் அணிக்கு ஆட்டுக்கிடாய் பரிசு. வெள்ளிக்கோப்பையில் கறிக்குழம்பு வைக்க முடியாதே!

ரூர்கேலாவின் பான்போஷ் விளையாட்டு விடுதியில் தேறி, 1995-இல் இந்திய அணிக்குள் வந்தார். 2010 மே மாதம் ஓய்வு பெறும்போது அவர் ஆடியிருந்த பன்னாட்டு ஆட்டங்கள் 412. முன்கள வீரருக்குக் கோல் கணக்கு இருக்கிறது. தடுப்பாட்டக்காரர் விழாமல் காத்த கோல்களை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே திர்க்கிக்கு இந்த 412-தான் சாட்சி.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து நகர்ந்த கணமே அடிப்பவரை நோக்கி ஓடிப் பாய்வது தடுப்பாட்டக்காரரின் வேலை.

1998-இல் தன்ராஜ் பிள்ளை தலைமையில் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. 32 ஆண்டு ஏக்கம் அன்று தீர்ந்தது. அந்த அணியில் திர்க்கி இருந்தார். அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஏதென்ஸில் அவரே தலைவர். மூன்றிலும் பதக்கம் இல்லை. சிட்னியில் பயிற்சியாளர், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவரான தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். போலந்தை வென்றால் அரையிறுதி. 1–0 என முன்னிலையில் இருந்த இந்தியா, முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் கோல் வாங்கியது. ஆட்டம் 1–1. அரையிறுதிக்குப் போன தென் கொரியா வெள்ளியோடு திரும்பியது. 412 ஆட்டம் ஆடியவரையும் இப்படி ஒரு நிமிடம் விடாமல் துரத்தும்.

அர்ஜுனா விருது 2002-இலும் பத்மஸ்ரீ 2004-இலும் கிடைத்தன. பிரீமியர் ஹாக்கி லீகில் ஒரிசா ஸ்டீலர்ஸ் அணியை 2007-இல் பட்டம் வெல்ல வைத்தார். பிஜு ஜனதா தளம் 2012-இல் அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது.

சென்னை எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் அவருக்குப் புதிதல்ல. 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென் கொரியாவை 7–2 என்று இந்தியா நொறுக்கியது அங்கேதான். 2022-இல் ஹாக்கி இந்தியா கூட்டமைப்பின் தலைவரானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை அதே அரங்குக்கு வந்தது. இறுதியில் மலேசியாவை 4–3 என்று வென்ற அணியின் பின்களத்தில் அமித் ரோஹிதாஸ் நின்றார். அவருக்கும் ஊர் சௌனாமாராதான்.