கழிவுநீர்க் குழாய்களில் துர்நாற்றம்: காரணம் என்ன, களைவது எப்படி?

புது தில்லி: கோடை விடுமுறைக்குப் பின் பூட்டிய வீட்டைத் திறக்கும்போதும், மழைக்காலம் தொடங்கும்போதும் பல குடும்பங்கள் எதிர்கொள்ளும் தொல்லை, குளியலறையிலும் சமையலறையிலும் எழும் சாக்கடை நாற்றம். பினாயில், ஆசிட், நாப்தலின் உருண்டை ஆகியவற்றைக் கொண்டு அதை மறைக்க முயல்வதே பொதுவான வழக்கம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதற்குத் தேவைப்படுவது ஒரு வாளி நீரோ, அரை மணி நேரத் துப்புரவோதான். காரணத்தை அறியாமல் இரசாயனங்களைக் கொட்டுவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

நாற்றத்தைத் தடுக்கும் நீர்

கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி, குளியலறைத் தரை வடிகால் ஆகிய ஒவ்வொன்றின் அடியிலும் 'டிராப்' எனப்படும் வளைவு உள்ளது. அதில் பொதுவாக 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தேங்கி நிற்கும் நீரே சாக்கடை வாயுவை வீட்டினுள் நுழையவிடாமல் தடுக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங், 'எஸ்' வடிவ வளைவு கொண்ட கழிப்பறைக்கு 1775-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்றைய அமைப்புகளுக்கும் அதே தத்துவமே அடிப்படை.

இந்த நீர் வற்றினால் தடுப்பும் இல்லாமல் போகிறது. அதன் விளைவு நாற்றத்தோடு நிற்பதில்லை. கரப்பான் பூச்சிகளும் அவ்வழியே வீட்டினுள் வருகின்றன. 2003-ஆம் ஆண்டு சார்ஸ் தொற்றின்போது, ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நீர் வற்றிய குளியலறைத் தரை வடிகால்கள் அங்கு தொற்று பரவ முக்கிய வழிகளுள் ஒன்றாக இருந்ததாக விசாரணைகள் சுட்டிக்காட்டின.

காரணத்தைக் கண்டறிவது எப்படி?

* அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் மட்டும் நாற்றம் இருந்தால், தரை வடிகாலில் ஒரு வாளி நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். சிறிது நேரத்தில் நாற்றம் அடங்கினால், டிராப்பில் நீர் வற்றியதே காரணம்.

* நாள்தோறும் பயன்படுத்தும் வடிகாலுக்கு அருகே குனிந்தால் மட்டும் நாற்றம் வீசினால், சல்லடையிலும் குழாயின் உட்புறத்திலும் படிந்துள்ள முடி, சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை அழுகுகின்றன என்று பொருள்.

* மேல்தளத்தில் கழிப்பறை நீரைத் திறந்துவிடும்போது கீழ்த்தள வடிகாலில் 'களக் களக்' என ஒலி எழுந்தால், காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டிருக்கலாம். குழாயினுள் காற்றழுத்தம் மாறும்போது டிராப்பில் உள்ள நீர் உறிஞ்சப்பட்டுவிடும்.

* சலவை இயந்திரத்தின் குழாயோ, பாத்திரம் துலக்கும் தொட்டியின் நெளிகுழாயோ வளைவு ஏதுமின்றி நேரடியாக வடிகாலில் செருகப்பட்டிருந்தால், அந்த இடைவெளி வழியாகவே வாயு மேலெழும்.

* எல்லா வடிகால்களிலும் ஒரே நேரத்தில் நாற்றமும், நீர் மெதுவாக வடியும் நிலையும் இருந்தால், அடைப்பு வெளியே உள்ள பிரதான குழாயிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

பயன்படுத்தாத வடிகால்களில் வாரம் ஒருமுறை நீர் ஊற்ற வேண்டும். பல நாட்கள் வெளியூர் செல்வோர், நீர் ஊற்றிய பின் ஒரு கரண்டி சமையல் எண்ணெயையும் விடலாம். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

குளியலறைச் சல்லடையைக் கழற்றி, கையுறை அணிந்து முடியை அகற்றிய பின், பழைய தூரிகையும் சோப்புக் கரைசலும் கொண்டு உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். கைகழுவும் தொட்டியின் கீழுள்ள 'பாட்டில் டிராப்'பின் அடிமூடியை, ஒரு வாளியை வைத்துக்கொண்டு திருகிக் கழற்றிக் கழுவலாம்.

சமையல் சோடாவும் வினிகரும் சேரும்போது எழும் நுரை இலேசான படிவைத் தளர்த்தலாம். கடும் அடைப்பை நீக்காது. பி.வி.சி. குழாய்கள் வெப்பத்தில் இளகும் என்பதால் கொதிநீரைத் தவிர்த்து, கை பொறுக்கும் சூடான நீரையே ஊற்ற வேண்டும். நெய், பொரித்த எண்ணெய், தேயிலைச் சக்கை, சோற்றுப் பருக்கை ஆகியவற்றைக் குப்பையில் சேர்ப்பதே நிரந்தரத் தீர்வு. நாப்தலின் உருண்டை நாற்றத்தை மறைக்குமே தவிர, அதன் காரணத்தை நீக்காது.

செய்யக் கூடாதவை

ஆசிட் கலந்த கழிப்பறைத் துப்புரவுத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இவை சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கவும் கூடும். ஒன்றை ஊற்றிப் பலன் கிட்டவில்லை என்று உடனே மற்றொன்றை ஊற்றுவதும் அதே ஆபத்தை விளைவிக்கும். கண் எரிச்சலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும்.

தொட்டியினுள் எவரையும் இறக்கக் கூடாது

அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, வீட்டினுள் பெரும்பாலும் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும். மூடிய கழிவுநீர்த் தொட்டியிலோ நிலைமை வேறு. அங்கு அதன் செறிவு கூடும்போது முகரும் திறன் மரத்துப்போகிறது; நாற்றம் இல்லை என எண்ணி இறங்குவோர் சில நொடிகளில் மயங்கி விழுகின்றனர்.

உரிய பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதர்களைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல்முறை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இத்தகைய பணியில் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கழிவுநீர்த் தொட்டியை 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு வாகனம் மூலம் மட்டுமே சுத்தம் செய்விக்க வேண்டும். இதற்கு உள்ளாட்சி அமைப்பையோ 14420 என்ற உதவி எண்ணையோ தொடர்பு கொள்ளலாம்.