உறக்கமும் மருந்தும்: நம் மருத்துவ மரபு காட்டும் வழி

ஆனித் திங்களில் சாரல் தொடங்கியதும் தென்காசியைக் கடந்து குற்றாலம் செல்லும் பெருங்கூட்டத்தில், களிப்புக்காக வருவோருடன் நோய் தீர வருவோரும் சிலர் கலந்திருப்பர். அருவி நீர் தலையில் வீழ்ந்தால் பித்தம் தணியும், கலங்கிய சித்தம் தெளியும், அற்றுப்போன உறக்கம் மீளும் என்பது இவ்வட்டார மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. மனக்கலக்கத்தைப் ‘பித்து’ என்று தமிழ் வழங்குவதும், அதே நோய்க்கு ‘ஸவ்தா’ எனும் கரும்பித்தத்தின் மிகுதியைக் காரணமாக அரபு மருத்துவ நூல்கள் கூறுவதும் ஒப்பு நோக்கத்தக்கவை. உள்ளத்தின் நோய்க்கு உடலில் வேர் உண்டு என்பதை இரு மரபுகளும் உணர்ந்திருந்தன.

சில மாதங்களுக்கு முன் தென்காசியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு உறக்கம் இல்லை. சாரல் காலம் முழுவதும் அருவியில் நீராடினார். பொட்டல்புதூருக்கும் சென்று வந்தார். ஓதிய நீரும் பருகினார். இறுதியில் மருத்துவர் ஒருவர் மனச்சோர்வுக்கு வழங்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துச் சீட்டை வாங்காமலே நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “ஹஜ்ரத், எனக்கு உறக்கம்தானே இல்லை? இதை விழுங்கினால் என் ஈமானில் குறை என்று ஆகிவிடாதா?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

உறக்கத்தை மனிதருக்கு ஓய்வாக ஆக்கியிருப்பதாக அந்நபா அத்தியாயத்தில் இறைவன் கூறுகின்றான். அதனைத் தன் சான்றுகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தில் எண்ணுகின்றான். ஓர் அருட்கொடை தடைப்படும்போது அதனை மீட்க முயல்வது எவ்வாறு குறையாகும்? நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுங்கள். முதுமை நீங்கலாக எந்நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்தே இருக்கின்றான் எனும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததாக உஸாமா பின் ஷரீக் (ரழி) அறிவிக்கின்றார்கள். துயரமும் ஈமானின் குறையன்று. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரால் வெளுத்துப்போனதைத் திருமறையே உரைக்கின்றது. இறந்தோர் வீட்டினருக்கும் நோயாளிக்கும் ‘தல்பீனா’ எனும் வாற்கோதுமைக் கஞ்சியை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பரிந்துரைத்ததும், அது உள்ளத்தின் துயரைத் தணிக்கும் என நபிமொழி கூறுவதும் ஹதீஸ் நூல்களில் காணக்கிடக்கின்றன. உள்ளத்தின் துயருக்கு உண்ணும் பொருள் ஒன்று மருந்தாக அங்கே கூறப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இவ்வழியில் வந்த அறிஞர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் அபூ ஸைத் அல் பல்கீ (ரஹ்). ஹிஜ்ரி 322, கி.பி. 934இல் மறைந்த இவர், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில் உடல்நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். துயரத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். அன்புக்குரியவரை இழத்தல் போன்ற வெளிப்படையான காரணத்தால் வருவது ஒன்று. காரணம் ஏதும் தோன்றாமலே வந்து கவ்வி, மனிதனை எதிலும் மகிழ்வற்றவனாக்குவது மற்றொன்று. முதல்வகைக்கு அறிவுரையும் சிந்தனைப் பயிற்சியும் ஏற்றவை என்றார். பின்னது உடலின் குருதியிலிருந்து எழுவதாதலால் அதற்கு உடல் மருத்துவமே வேண்டும் என்றார். குருதி பற்றிய அவர் விளக்கத்தை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. அவர் செய்த பாகுபாட்டின் நுட்பமோ இன்றும் வியக்கத்தக்கது.

அறிஞர் கண்டதை ஆட்சியாளர் கட்டடங்களாக எழுப்பினர். 1488இல் எதிர்னே நகரில் நிறைவுற்ற சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மருத்துவமனையில், குவிமாடத்தின் கீழ் நீரூற்று ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. இசைக் கலைஞர்கள் அங்கு நோயாளிகளுக்காக இசைத்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி பதிவு செய்துள்ளார். நீரின் ஒலி மனத்தை ஆற்றும் என்பதைக் குற்றாலத்து மக்களும் எதிர்னே மருத்துவரும் ஒருவரையொருவர் அறியாமலே அறிந்திருந்தனர். ஆனால் அம்மருத்துவமனைகளில் நீரொலியுடன் மருத்துவரும் மருந்தும் இருந்தமையை நாம் மறந்துவிடலாகாது. அதனை மறந்ததன் விலையை நம் மாநிலமே கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 உயிர்கள் மடிந்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது.

இனி முதியவரின் சட்டைப் பையிலிருந்த மாத்திரைக்கு வருவோம். அது முற்றிலும் மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ணுதல் பிழை. அதன் வரலாற்றின் ஓர் இழை தில்லியில் தொடங்குகின்றது. ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) நிறுவிய திப்பியா கல்லூரியைக் காந்தியடிகள் 1921இல் திறந்து வைத்தார். ஜெர்மனியில் வேதியியல் பயின்று திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகீ, ஹகீம் அவர்களின் ஊக்கத்தால் அங்கே ஆய்வில் ஈடுபட்டார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சர்ப்பகந்தா, வட இந்தியாவில் உறக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் வழங்கிவந்த வேராகும். மக்கள் அதனைப் ‘பாகல் கீ தவா’, பைத்தியத்துக்கு மருந்து, என்றே அழைத்தனர். 1931இல் அவ்வேரிலிருந்து தாம் பிரித்தெடுத்த பொருள் ஒன்றுக்குத் தம் புரவலரின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார் சித்தீகீ. அதே ஆண்டில் கல்கத்தாவின் சென், போஸ் எனும் இரு மருத்துவர்கள் அவ்வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதை எழுதி வெளியிட்டனர்.

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ‘ரெசர்பின்’ எனும் பொருளைப் பிரித்தனர். இரத்த அழுத்தத்துக்கு அதனை உண்டோருள் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்ததாக மருத்துவர்கள் எழுதினர். அது மூளையில் செரோட்டோனினைக் குறைப்பதை 1955இல் அமெரிக்க ஆய்வாளர் பிரோடியின் குழுவினர் கண்டனர். அப்பொருளுக்கும் மனநிலைக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வு இதனால் விரைவுற்றது. 1957இல் இமிப்ரமின், இப்ரோனியாசிட் ஆகிய முதல் மனச்சோர்வு மருந்துகளின் பயன் உலகுக்குத் தெரியவந்தது. செரோட்டோனின் குறைவே நோய்க்குக் காரணம் எனும் எளிய விளக்கத்தை இன்றைய அறிவியல் போதுமானதாகக் கொள்வதில்லை. எனினும் மருந்துகள் பலருக்குப் பயன்படுகின்றன.

உறக்கமின்மைக்கு அவற்றை வழங்குவதிலும் அளவு உண்டு. அமிட்ரிப்டிலின், மிர்ட்டாசபின், டிராசோடோன் போன்றவை உறக்கத்தைத் தரும் இயல்புடையவை. ஃபுளுவாக்செட்டின் போன்றவை சிலருக்கு உறக்கத்தைக் கெடுக்கவும் கூடும். குறைந்த அளவு டாக்செபினை உறக்கமின்மைக்கென்றே அமெரிக்க அரசு 2010இல் ஏற்றது. 2017இல் அந்நாட்டு உறக்க மருத்துவ அமைப்பு டிராசோடோனைப் பரிந்துரைக்கவில்லை. நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற்கண் எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்ப்படுத்தும் பயிற்சியே வேண்டும் என 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவுறுத்தியது. சோர்வே உறக்கத்தைக் கெடுத்திருப்பின், சோர்வுக்கான மருந்து வேரைத் தொடுகின்றது. இவை போதைப் பொருள்களும் அல்ல. ஆதலால் ‘கம்ரு’க்குரிய தடை இவற்றைச் சாராது. ஆயினும் மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்துதல் தீங்கு விளைக்கும்.

முதியவரிடம் பல்கீயின் இருவகைத் துயரத்தையும் அஜ்மல் கானின் வேரையும் எடுத்துரைத்தேன். “அப்படியானால் இது நம்முடைய ஹகீம்கள் நடந்த பாதைதானா?” என்றார். ஆம் என்றேன். துஆவை விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம், மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, கட்டும் கயிற்றைக் கண்டு நாம் ஏன் நாண வேண்டும்? மடித்த சீட்டை அவர் விரித்து, மருந்துக் கடை எத்திசையில் என்று கேட்டார். உறக்கமின்றி வாடும் அனைவருக்கும் வல்ல நாயன் நிறைந்த ஷிஃபாவை அருள்வானாக!