மரக்காணத்து உப்பும் உழைப்பாளர் குருதியோட்டமும்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் கழுவேலி நீர்நிலைக்கு அருகே விரிந்து கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களின் பழமை பெரிது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளங்கள் பேசப்படுகின்றன. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட பின்னர், விளைந்த உப்பு முழுவதும் அரசின் கணக்கில் ஏறியதே தவிர, அதை விளைவித்தவர் உடல் செலவிட்டது எவ்வளவு என்பதற்கு எந்தக் கணக்கும் எழுதப்படவில்லை.

அச்செலவு சிறிதன்று. ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றும் இதயம், கடும் உழைப்பின்போது துடிப்பின் வேகத்தையும் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவையும் கூட்டி 15 முதல் 20 லிட்டர் வரை வெளியேற்றுகிறது. குடலுக்கும் சிறுநீரகத்திற்கும் செல்லும் குழாய்கள் சுருங்க, தசைகளின் குழாய்கள் விரிந்து அக்குருதியின் பெரும்பங்கை ஏற்கின்றன. பாத்தியின் களிமண் தளம் இறுகுவதற்காகக் காலால் மிதிக்கும்போது, கெண்டைக்கால் தசைகள் மாறிமாறிச் சுருங்கி, சிரைகளில் தேங்கும் குருதியை இதயத்தை நோக்கி மேலேற்றுவதால் அவ்வேலை இதயத்திற்குத் துணையாகவும் அமைகிறது. வாரிய உப்பைக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்கி வரப்பின்மேல் நடப்பது அத்தகையதன்று: கழுத்தும் கையும் அசையாமல் இறுகி நிற்க, இறுகிய தசை தன்னுள் ஓடும் குழாய்களையே நெரிப்பதால் குருதி அழுத்தம் உயர்ந்து, இதயம் கூடுதல் எதிர்ப்பை மீறி உந்த வேண்டியிருக்கிறது. இச்சுமையைப் பெரும்பாலும் பெண்களே சுமந்து வந்துள்ளனர்.

வெயில் இதனோடு சேரும்போது ஒரே குருதிக்கு இரண்டு தேவைகள் போட்டியிடுகின்றன. தசைக்கு உயிர்வளி வேண்டும். உடலின் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் குருதி வேண்டும். வியர்வையால் குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா குறையக் குறைய ஒவ்வொரு துடிப்பிலும் செல்லும் அளவு சுருங்கி, வேலை கூடாதபோதும் துடிப்பு மட்டும் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது. எனினும் உடல் பழகவும் வல்லது: ஓரிரு வாரம் வெப்பத்தில் உழைத்தால் பிளாஸ்மாவின் அளவு பெருகி, வியர்வை முன்னரே தொடங்கி, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. வடகிழக்குப் பருவமழையில் அளம் நின்று, தை மாதக் குளிர்ந்த காலையில் மீண்டும் வேலை தொடங்கிச் சித்திரை வெயிலை மெல்ல எட்டும் ஆண்டுச் சுழற்சி, இப்பழக்கத்திற்கு இயல்பாகவே இடமளித்தது எனக் கொள்ளலாம்.

வெப்பத்திற்குப் பழகிய உடலும் உணவின்றி உழைக்க இயலாது; உழைப்பவருக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி இம்மாகாணத்தில் வெளிப்படையான வழக்காடலாக எழுந்தது 1876–78 பஞ்சத்தின்போதுதான். நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என, பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வகுத்ததை, மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மண்வெட்டும் உடலுக்கு அது போதாதென்று உறுதியாக எதிர்த்தார். அவர் எதிர்த்தது சரியே. உணவு குன்றினால் தசை கரைவதோடு இதயத் தசையும் மெலியும். அப்பஞ்ச வேலையாட்களே சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் வாய்க்காலை வெட்டினர்; மரக்காணத்தைத் தென்முனையாகக் கொண்ட பக்கிங்காம் கால்வாயின் வட, தென் பகுதிகள் அதனால்தான் ஒன்றாயின.

அண்மைக் காலத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரக நலத்தையும் ஆராய்ந்துள்ளனர். அளத்தருகே கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் நிலை இதில் முதன்மையான செய்தி. ஏற்கெனவே உழைப்பின்போது குருதி குறைக்கப்படும் சிறுநீரகத்திற்கு, பிளாஸ்மாவும் சுருங்கும்போது வரும் குருதி மேலும் குறைகிறது. நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை ஆகிய மூன்றையும் பாத்திக்கு எட்டும் தொலைவில் அமைப்பது இக்கரையில் இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் செய்யவேண்டிய மருத்துவமே.