வழிகாட்டிப் பலகை விழுந்தால் ஊர் அழிந்துவிடுமா?

ஏ-9 வீதியில் பயணம் செய்தோர் புளியங்குளம் சந்தியை அறிவர். வவுனியாவிலிருந்து நேரே வடக்கு நோக்கிப் போனால் மாங்குளம், கிளிநொச்சி. கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. 1997 மே 13 இல் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது மாதக்கணக்கில் சமர் நடந்த மண் இது. 1990 இல் வடபகுதிப் புகையிரத சேவை நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. பாதை பெயர்க்கப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அவ்வூர் இளைஞர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பழைய கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தன. இடம் போதவில்லை என்று லினக்ஸ் இருந்த பிரிவினை அழித்திருக்கிறார். மறுநாள் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற இரு சொற்கள் மட்டுமே தெரிந்தன. கடைக்காரரோ வன்தட்டு முழுவதையும் அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டும் என்றாராம். காலமான தந்தையின் படங்களும் காணி உறுதியின் பிரதியும் அதற்குள் இருந்தன. ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்றேன். காரணத்தை அறியச் சற்று வரலாறு வேண்டும்.

ஐபிஎம் நிறுவனம் 1981 இல் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. 1983 இல் வந்த டொஸ் 2.0 பதிப்புடன் வன்தட்டைப் பிரிவுகளாக வகுக்கும் முறை வந்தது. தட்டின் முதற்கூறு 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் நான்கு பிரிவுகளின் பட்டியலுக்கு, எஞ்சிய இரண்டு அடையாள முத்திரைக்கு. இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் அந்நிரலின் பணி. நம் சந்தியின் வழிகாட்டிப் பலகையும் அதைத்தானே செய்கிறது!

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியேறியபோது பயனர் தெரிவு செய்வதற்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. லினக்ஸுக்கு முதலில் 'லிலோ' வந்தது. 1995 இல் எரிக் போலின் 'கிரப்' நிரலை எழுதத் தொடங்கினார். 1999 இல் அது குனூ திட்டத்தின் மென்பொருளாயிற்று. 446 பைட்டுக்குள் அத்தனையும் அடங்காது. ஆகவே கிரப்பின் முனை மட்டும் தட்டின் தொடக்கத்தில் இருக்கும். மற்ற உறுப்புகள் லினக்ஸ் பிரிவுக்குள் இருக்கும். அப்பிரிவை அழித்தால் முனை தன் உடலைத் தேடித் திகைத்து நிற்கும். விண்டோஸுக்கோ கோப்புகளுக்கோ ஒரு சேதமும் இல்லை. பலகைதான் விழுந்தது, ஊர் அழியவில்லை.

பலகையை மீண்டும் நடுவது எளிது. முதலில் குறுவட்டிலோ யூஎஸ்பியிலோ இருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸைக் கொண்டு முக்கிய கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். பிறகு விண்டோஸ் நிறுவல் வட்டால் கணினியைத் தொடக்கி, பழுதுபார்க்கும் பகுதியில் கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். எக்ஸ்பியாயின் 'ஃபிக்ஸ்எம்பிஆர்', விஸ்டாவுக்குப் பிந்தியதாயின் 'பூட்ரெக்' கட்டளையுடன் அதே சொல். தொடக்க நிரல் புதிதாக எழுதப்படும். பிரிவுப் பட்டியல் வழக்கமாக அப்படியே இருக்கும். மாறாக, விண்டோஸை மறுபடி நிறுவியதால் லினக்ஸ் மறைந்திருந்தால், நேரடி லினக்ஸிலிருந்து 'கிரப் இன்ஸ்டால்' கட்டளை போதும்.

யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கும் புதிய கணினிகளில் இந்த வழிகாட்டிக்குத் தனிப் பிரிவே உண்டு. அங்கே பெரும்பாலும் தொடக்க அமைப்புக்குள் சென்று, 'விண்டோஸ் பூட் மனேஜர்' என்பதை வரிசையில் முதலிடத்துக்கு ஏற்றினாலே போதும்.

அந்த இளைஞரின் கணினி அரைமணி நேரத்தில் எழுந்துவிட்டது. 2009 இல் வன்னி மக்கள் உடுத்த துணியோடு வெளியேறியபோது பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் குடும்பப் படங்களும் வழியெங்கும் சிதறிப் போயின. அவற்றை மீட்க எந்தக் கட்டளையும் இல்லை. எஞ்சியிருப்பதையாவது இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றது வேறு ஊரில் ஓர் உறவினரிடம் இருக்கட்டும். அழித்துவிடு என்று யாரேனும் சொன்னால், அழிந்தது பலகையா ஊரா என்று முதலில் கேளுங்கள்.